எஞ்சின் ஏன் பின்னால் போனது? டான் கார்லிட்ஸின் டிராக் ரேஸிங் மியூசியம்

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஒகாலா என்றொரு ஊர் இருக்கிறது, பந்தயக் குதிரைப் பண்ணைகளுக்குப் பேர்போன ஊர். அதற்குச் சற்றுத் தெற்கே, 75-ம் எண் நெடுஞ்சாலையை ஒட்டி, டான் கார்லிட்ஸ் என்ற ரேஸ் ஓட்டுநர் 1984-ல் திறந்த டிராக் ரேஸிங் மியூசியம் இருக்கிறது. இரண்டு கட்டடங்கள். ஒன்றில் பழங்காலத்துச் சாதாரணக் கார்கள். இன்னொன்றில், கால் மைல் தூரத்தை நேர்க்கோட்டில் கடப்பதற்காக மட்டுமே செய்யப்பட்ட ரேஸ் கார்கள். இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது கட்டடத்தைப் பற்றியது.

டிராக் ரேஸிங் வரலாறு என்றாலே எல்லோரும் வேகப் பட்டியல்தான் போடுகிறார்கள். இந்த வருஷம் இத்தனை மைல், அடுத்த வருஷம் அதைவிடப் பத்து மைல் கூட. எனக்கு அது பாதிக் கதையாகத்தான் படுகிறது. இந்த மியூசியத்தில் இருக்கும் கார்லிட்ஸின் சொந்தக் கார்களைத் தேதிவாரியாகப் பார்த்தால் மீதிப் பாதி தெரியவரும். முந்தைய கார் எங்கே உடைந்தது, யாருடைய கையை எரித்தது, யாருடைய காலைக் காவு வாங்கியது என்ற கேள்விக்குப் பதிலாகத்தான் அடுத்த காரின் வடிவம் வந்திருக்கிறது. அந்தப் பதில்களை இரும்பாகவே வைத்திருப்பதுதான் இந்த இடத்தின் மதிப்பு.

முதலில், இந்தப் போட்டி என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இரண்டு கார்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். விளக்கு எரிந்ததும் கிளம்பி, கால் மைல், அதாவது 402 மீட்டர் தூரத்தில் இருக்கும் கோட்டை முதலில் தொடும் கார் ஜெயிக்கும், தோற்றது வெளியே போகும். அவ்வளவுதான் விதி. வளைவு கிடையாது, சுற்று கிடையாது. இதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம். நின்ற இடத்திலிருந்து கிளம்புவதுதான் ஒரு காருக்கு மிகக் கடினமான வேலை, எஞ்சினின் மொத்த பலத்தையும் இரண்டு பின் டயர்கள் தரையைக் கவ்வும் அந்தக் கையளவு இடத்தின் வழியாகத் தள்ளியாக வேண்டும், கொஞ்சம் கூடினால் டயர் வழுக்கிச் சுழலும், கொஞ்சம் குறைந்தால் பக்கத்துக்காரர் போய்விடுவார். இந்த ஒரே கணக்கைத் தீர்க்கத்தான் எழுபது வருஷத்துக்கும் மேலாக ஆட்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

இதன் வேர் கலிஃபோர்னியாவில். 1920-களிலும் 30-களிலும் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்து இளைஞர்கள், கையில் கிடைத்த பழைய ஃபோர்டு கார்களின் மட்கார்டு, கூரை, பம்பர் எல்லாவற்றையும் கழற்றி எறிந்து எடையைக் குறைத்து, எஞ்சினைக் குடைந்து பலத்தைக் கூட்டி, பாலைவனத்தில் வறண்டு கிடந்த ஏரிப்படுகைகளுக்கு ஓட்டிப்போய் வேகம் பார்த்தார்கள். மூராக், எல் மிராஜ் என்று அந்த ஏரிப்படுகைகளின் பெயர்கள் இன்றும் ரேஸ்காரர்கள் வாயில் புழங்குகின்றன. 1932-ல் ஃபோர்டு கம்பெனி சாதாரண மக்கள் வாங்கக்கூடிய விலையில் எட்டு சிலிண்டர் எஞ்சின் போட்ட காரை விற்றது. சில வருஷத்தில் அது காயலான் கடைக்கு வரத் தொடங்கியதும், பழைய காரை இப்படி மாற்றி வேகமாக்கும் ஹாட் ராட் என்ற கலைக்கே அது அடித்தளமாகிவிட்டது. 1937-ல் அங்கிருந்த கிளப்புகள் சேர்ந்து தெற்குக் கலிஃபோர்னிய நேரக்கணக்குச் சங்கத்தை உருவாக்கின. அப்புறம் இரண்டாம் உலகப் போர். மூராக் முழுக்க ராணுவத்தின் கைக்குப் போனது, இன்று எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளம் என்று சொல்வது அந்த இடத்தைத்தான்.

போர் முடிந்து திரும்பிவந்த இளைஞர்களில் பலர் ராணுவத்தில் வெல்டிங்கும் எஞ்சின் வேலையும் கற்றவர்கள். போர் விமானங்களுக்கு அடியில் மாட்டும் எண்ணெய்த் தொட்டிகூட மலிவாகக் கிடைத்தது, அதற்குள் எஞ்சினை வைத்துக் காராக்கி ஓட்டினார்கள். பாலைவனம் தூரம் என்பதால் ஊர்ச் சாலையிலேயே ராத்திரியில் போட்டி போட்டவர்களும் ஏராளம். விபத்துகள், சாவுகள், செய்தித்தாளில் தலைப்புகள். ஹாட் ராட் ஓட்டுபவன் என்றாலே ரௌடி என்ற பெயர் வந்துவிட்டது. இந்த இடத்தில்தான் வாலி பார்க்ஸ் வருகிறார். 1948-ல் தொடங்கிய ஹாட் ராட் இதழின் ஆசிரியராக இருந்துகொண்டே, 1951-ல் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கினார், சுருக்கமாக என்.எச்.ஆர்.ஏ. சாலையில் ஓடுபவனை விரட்டிக்கொண்டிருந்தால் தீராது, அவனுக்கு ஓர் இடமும் நேரமும் விதிமுறையும் கொடுக்க வேண்டும் என்பதுதான் அவர் வாதம். அதற்கு முந்தைய வருஷமே சான்டா ஆனாவில் விமான நிலைய ஓடுதளம் ஒன்றில் கட்டணம் வாங்கிக்கொண்டு டிராக் ரேஸ் நடத்தத் தொடங்கியிருந்தார்கள். 1953 ஏப்ரலில் போமோனா ஊர்ச் சந்தைத் திடலின் கார் நிறுத்துமிடத்தில், அந்த ஊர்ப் போலீஸின் ஆதரவோடு, என்.எச்.ஆர்.ஏ.வின் முதல் அதிகாரபூர்வப் போட்டி நடந்தது. போமோனா போலீஸ்காரரான பட் கூன்ஸ், பின்னால் சங்கத்தின் வண்டியில் ஊர் ஊராகப் போய்ப் பாதுகாப்பாக ரேஸ் நடத்துவது எப்படி என்று கற்றுக்கொடுத்த குழுவுக்குத் தலைமையே ஏற்றார்.

அதே போமோனா திடலில் 1998-லிருந்து வாலி பார்க்ஸ் பெயரில் என்.எச்.ஆர்.ஏ.வின் மியூசியம் இருக்கிறது. அதுவும் முக்கியமான இடம்தான், சாலை ரௌடித்தனம் எப்படி ஒரு விளையாட்டானது என்ற கதையைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான மண் கிடையாது. ஆனால் அது ஓர் அமைப்பின் மியூசியம். ஒகாலாவில் இருப்பது, தன் கையால் கார் செய்து, அதிலேயே உட்கார்ந்து, அதிலேயே அடிபட்ட ஒருவரின் மியூசியம். இயந்திரத்தைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றால் நான் இதைத்தான் கைகாட்டுவேன்.

கார்லிட்ஸ் 1932-ல் ஃபுளோரிடாவின் டாம்பாவில் பிறந்தவர். கலிஃபோர்னியாக்காரர்களின் கண்ணில் அது ரேஸ் வரைபடத்திலேயே இல்லாத மூலை. அவரை மட்டம் தட்டிச் சொன்ன பட்டப்பெயரையே தன் கார்களுக்கு வைத்துக்கொண்டார்: ஸ்வாம்ப் ராட், அதாவது சதுப்பு நில எலி. 1-லிருந்து தொடங்கி முப்பதுக்கும் மேல் அந்த வரிசை போகிறது. முதல் ஸ்வாம்ப் ராட்டை இன்றைய கண்ணோடு பார்த்தால் இதையா ஓட்டினார்கள் என்று திகைப்பு வரும். பழைய செவ்ரோலெட் காரின் சட்டம், அதன் மேல் கிரைஸ்லர் ஹெமி எஞ்சின். ஹெமி என்பது எரிஅறை அரைக்கோள வடிவில் இருக்கும் எஞ்சின். வால்வுகளைப் பெரிதாகவும் சாய்வாகவும் வைக்க முடிவதால் காற்றும் எரிபொருளும் தாராளமாக உள்ளே போய்வரும். கிரைஸ்லர் கம்பெனி இதை 1951-லிருந்து வசதியானவர்களின் பெரிய கார்களுக்காகச் செய்தது. ஹாட் ராட்காரர்களோ அந்தக் கார்கள் விபத்தில் நொறுங்கிக் காயலான் கடைக்கு வரும்வரை காத்திருந்து எஞ்சினை மட்டும் கழற்றிக்கொண்டு போனார்கள்.

எரிபொருள்தான் அடுத்த ரகசியம். நைட்ரோமீத்தேன். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். நைட்ரோமீத்தேன் தன் மூலக்கூறிலேயே ஆக்சிஜனைச் சுமந்துகொண்டு வருவதால் அதற்கு 1.7 கிலோ போதும். கிலோவுக்குக் கிலோ பார்த்தால் பெட்ரோலைவிட நைட்ரோவில் சக்தி குறைவுதான். ஆனால் எஞ்சின் உறிஞ்சும் அதே அளவு காற்றில் எட்டு மடங்குக்கும் மேலான எரிபொருளை எரிக்க முடிகிறது, கணக்குப் போட்டால் பெட்ரோலைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகமான பலம் வரும். சரி, அந்தப் பலம் எப்போதும் சக்கரத்துக்கு மட்டும்தான் போகுமா என்றால், போகாது. சில நேரம் எஞ்சினைப் பிளந்துகொண்டு ஓட்டுநர் மேல் வரும். 1957-ல் என்.எச்.ஆர்.ஏ. நைட்ரோவுக்குத் தடையே போட்டது, 1963 வரை அந்தத் தடை இருந்தது. கார்லிட்ஸ் போன்றவர்கள் நைட்ரோவை விடவில்லை, சங்கத்தை விட்டுவிட்டு வேறு திடல்களுக்குப் போனார்கள்.

1957 நவம்பரில் ஃபுளோரிடாவின் புரூக்ஸ்வில்லில் முதல் ஸ்வாம்ப் ராட் மணிக்கு 176.40 மைல் ஓடியது, 284 கிலோமீட்டர். கலிஃபோர்னியாவில் யாரும் நம்பவில்லை. ஃபுளோரிடாவில் கடிகாரமே தப்பு என்று எழுதினார்கள், பேசினார்கள். 1959 மார்ச்சில் பேக்கர்ஸ்ஃபீல்டில் நடந்த பெரிய நைட்ரோ போட்டிக்கு அவரை வரவழைத்தார்கள். போனார், தோற்றார். ஜெயித்தது ஆர்ட் கிறிஸ்மன். கார்லிட்ஸின் எஞ்சினில் எட்டு கார்புரேட்டர்கள் இருந்தன, கலிஃபோர்னியாக்காரர்கள் பலரிடம் சூப்பர்சார்ஜர் இருந்தது, காற்றை எஞ்சினுக்குள் பலவந்தமாகத் திணிக்கும் கருவி. அவரும் அதற்கு மாறினார்.

அந்த சூப்பர்சார்ஜர் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த விஷயம். ரேஸுக்காக யாரும் அதை உருவாக்கவில்லை. ஜெனரல் மோட்டார்ஸின் 6-71 என்ற டீசல் எஞ்சின் பஸ், லாரி, போர்க்காலப் படகுகள் எல்லாவற்றிலும் ஓடியது. ஆறு சிலிண்டர், சிலிண்டருக்கு 71 கன அங்குலம், அதனால் அந்தப் பெயர். அது டூ ஸ்ட்ரோக் டீசல், அந்த வகை எஞ்சினுக்குப் புகையை வெளியே தள்ளவும் புதுக்காற்றை உள்ளே கொண்டுவரவும் ஊதுகருவி இல்லாமல் முடியாது. பஸ்ஸின் மூச்சுக்காகச் செய்த அந்த ஊதுகருவியைக் கழற்றி, ஹெமியின் தலையில் ஏற்றி, பெல்ட் போட்டுச் சுற்றவைத்தார்கள். இன்று பல கோடி ரூபாய் மதிப்புள்ள ரேஸ் கார்களின் மேல் நிற்கும் சூப்பர்சார்ஜர்கூட அந்த பஸ் பாகத்தின் நேர் வாரிசுதான். மியூசியத்தில் எஞ்சின்களைத் தனியாகவும் வைத்திருக்கிறார்கள், கார்களைப் பார்த்துவிட்டு அவற்றைத் தாண்டிப் போய்விடக் கூடாது.

அந்த சூப்பர்சார்ஜர்தான் அவரை முதலில் எரித்தது. 1959 ஜூனில் தெற்குக் கரோலினாவின் செஸ்டரில் ஓடும்போது அது வெடித்துத் தீ பின்னால் வந்தது, முகமும் கைகளும் மோசமாக வெந்துபோயின. ஏன் தீ நேராக ஓட்டுநர் மேல் வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள, அந்தக் காலத்துக் காரில் ஆள் உட்கார்ந்த இடத்தைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். ஸ்லிங்ஷாட் வகை என்பார்கள், கவண் மாதிரி. நீளமான சட்டம், நடுவில் எஞ்சின், அதற்குப் பின்னால் கிளட்ச், கியர், பின் அச்சு, அந்த அச்சுக்கும் பின்னால் ஓட்டுநர் இருக்கை. அவருடைய கால்கள் அச்சின் இரு பக்கமும் முன்னால் நீண்டிருக்கும், தொடைகளுக்கு நடுவே பின் அச்சின் பற்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியல், பாதங்களுக்குப் பக்கத்தில் கிளட்சும் கியரும் நொடிக்கு நூறு சுற்றுக்கும் மேல் சுழன்றுகொண்டிருக்கும். முகத்துக்கு நேரே எஞ்சின். எஞ்சின் கக்கும் எண்ணெய், புகை, நெருப்பு எல்லாம் காற்றோடு வந்து சேரும் முதல் இடம் ஓட்டுநரின் முகக்கவசம்.

இப்படி ஏன் செய்தார்கள்? முட்டாள்தனத்தால் இல்லை. ஆளின் எடையைப் பின் சக்கரத்துக்கும் பின்னால் வைத்தால் பின் டயர்களின் மேல் பாரம் கூடும், பிடிமானம் கூடும், கிளம்பும்போது வழுக்காது. அதோடு காரின் வால் ஒரு விரல்கடை பக்கவாட்டில் நகர்ந்தாலும் வாலிலேயே உட்கார்ந்திருக்கும் ஓட்டுநரின் உடம்புக்கு உடனே தெரிந்துவிடும். டயர்கள் மோசமாக இருந்த காலத்தில் அதுவே புத்திசாலித்தனமான ஏற்பாடு. இந்த வகைக் காரிலேயே கார்லிட்ஸ் 1964 ஆகஸ்டில் நியூ ஜெர்சியில் 201.34 மைல் ஓடி 200-ஐத் தாண்டினார். கிளட்ச் வெடிப்பதைத் தடுக்க அதைச் சுற்றி எஃகுக் கவசம் வந்தது, தீ தாங்கும் உடை வந்தது, நிறுத்துவதற்குப் பாராசூட் வந்தது. எல்லாமே ஒட்டுப்போடும் வேலை. ஆள் உட்கார்ந்திருக்கும் இடமே தப்பு என்று பலருக்கும் தெரிந்திருந்தது, மாற்றிப் பார்த்தவர்களும் இருந்தார்கள், அந்தக் கார்கள் நேராக ஓட மறுத்தன.

1970 மார்ச் 8. கலிஃபோர்னியாவின் லாங் பீச், லயன்ஸ் டிராக் ஸ்ட்ரிப். இறுதிச் சுற்று. கார்லிட்ஸ் ஸ்வாம்ப் ராட் 13-ல் இருக்கிறார், அதில் அவர் தாமே உருவாக்கிய இரண்டு வேக கியர்பாக்ஸ். விளக்கு எரிந்து கார் கிளம்பிய அந்த நொடியிலேயே கியர்பாக்ஸ் வெடித்தது. கார் இரண்டு துண்டானது. சிதறிய இரும்பு அவருடைய வலது பாதத்தின் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டது, பார்வையாளர் ஒருவரின் கையையும் துண்டித்தது. மற்றவர்களின் எஞ்சினையும் கிளட்சையும் குறைசொல்ல அங்கே இடமில்லை, வெடித்தது அவருடைய சொந்தப் படைப்பு.

ஆஸ்பத்திரிப் படுக்கையிலேயே அடுத்த காரை வரையத் தொடங்கினார். எஞ்சின் ஓட்டுநருக்குப் பின்னால். அந்தக் கார் தயாரானதும் மற்றவர்களுக்கு வந்த அதே பிரச்சினை இவருக்கும் வந்தது, வேகம் எடுத்ததும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாவியது. டி.சி. லெமன்ஸ், கானி ஸ்விங்கிள் என்ற இருவர் அவருடைய பட்டறையில் கூட இருந்தார்கள். சட்டத்தை மாற்றினார்கள், எடையை மாற்றினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. விட்டுவிடலாமா என்ற நிலைமை. கடைசியில் குற்றவாளி சட்டமே இல்லை, ஸ்டியரிங். பழைய காரில் வாலில் உட்கார்ந்து சின்ன அசைவையும் உணர்ந்து திருத்திய ஓட்டுநர், புதுக் காரில் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். விலகல் அவருக்குத் தாமதமாகத் தெரிகிறது, அதற்குள் தேவைக்கு மேல் திருப்பிவிடுகிறார், கார் மறுபக்கம் தாவுகிறது, அதையும் மிகையாகத் திருத்துகிறார். ஸ்டியரிங் விகிதத்தை 6-க்கு 1 என்பதிலிருந்து 10-க்கு 1 ஆக மந்தமாக்கினார்கள். கையை நிறையத் திருப்பினால்தான் சக்கரம் கொஞ்சம் திரும்பும். கார் நேராக ஓடியது.

இவ்வளவுதான் அந்தப் பெரிய மாற்றத்தின் சூட்சுமம் என்பதை நினைக்க நினைக்க எனக்கு ஆச்சரியம் தீரவில்லை. வருஷக்கணக்காகப் பின் எஞ்சின் கார் ஓடவே ஓடாது என்று துறையே முடிவு கட்டியிருந்தது, காரணம் காரின் அடிப்படை வடிவத்தில் இருப்பதாக எல்லோரும் நினைத்தார்கள், காரணமோ ஒரு சின்னப் பெட்டிக்குள் இருந்த பற்சக்கர விகிதத்தில். ஸ்வாம்ப் ராட் 14 முன்னால் நிற்பவர்கள் பெரும்பாலும் அதன் நீளத்தையும் பின்னால் இருக்கும் ஹெமியையும்தான் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது ஓட்டுநர் கூண்டுக்குள் ஸ்டியரிங் தண்டு போய்ச் சேரும் இடத்தை. 1971-ல் அந்தக் கார் போமோனாவில் நடந்த குளிர்காலத் தேசியப் போட்டியை ஜெயித்தது. அடுத்த சில வருஷங்களில் ஸ்லிங்ஷாட் கார்கள் உயர்நிலைப் போட்டிகளிலிருந்தே மறைந்துவிட்டன. அந்த மாற்றம் எத்தனை ஓட்டுநர்களின் கண்ணையும் காலையும் உயிரையும் காத்தது என்று எண்ணிச் சொல்ல வழியில்லை, நிறையப் பேர் என்று மட்டும் தயங்காமல் சொல்வேன்.

ரேஸ்காரர்கள் பழைய காரை வைத்திருக்க மாட்டார்கள். வைத்திருக்க முடியாது என்பதே சரி. அடுத்த கார் செய்யக் காசு வேண்டும், அதனால் பழைய சட்டம் சிறிய ரேஸ்காரர் யாருக்காவது போய்விடும், எஞ்சினும் கியரும் புதுக் காருக்குப் போகும், அந்தச் சிறிய ரேஸ்காரர் அதை வெட்டி நீட்டி வேறு மாதிரி செய்வார், அப்புறம் அது ஏதாவது கொட்டகையின் மூலையில் துருப்பிடிக்கும். வரலாறு படைத்த கார்களில் பெரும்பாலானவற்றின் கதி இதுதான். கார்லிட்ஸ் விற்ற கார்களைத் தேடிப்பிடித்துத் திரும்ப வாங்கினார், பழைய நிலைக்குக் கொண்டுவந்தார், தன்னுடையது மட்டுமில்லாமல் தனக்கு எதிராக ஓடியவர்களின் கார்களையும் சேர்த்தார். போட்டியாளரின் காரும் பக்கத்தில் நின்றால்தான் யார் யாரிடமிருந்து எதைக் கற்றார்கள் என்று ஒப்பிட முடியும். சர்வதேச டிராக் ரேஸிங் புகழ்மன்றமும் இங்கேயே இயங்குகிறது.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். ஒரே ஆளின் கண்ணோட்டத்தில் கட்டிய மியூசியம் என்பதால் கதையும் அவர் நின்ற பக்கத்திலிருந்தே தொடங்குகிறது. என்.எச்.ஆர்.ஏ.வோடு அவருக்கு நெடுநாள் உரசல் உண்டு. ஓட்டுநர்களுக்குக் கொடுக்கும் பரிசுப் பணம் போதாது என்று 1972-ல் அவர்களுடைய பெரிய போட்டி நடக்கும் அதே நாட்களில் ஓக்லஹாமாவின் டல்சாவில் போட்டிக்குப் போட்டி நடத்தி, ஜெயித்தவருக்கு 25,000 டாலர் அறிவித்தார். அவருடைய 17 உலகப் பட்டங்களில் என்.எச்.ஆர்.ஏ. கொடுத்தது 3 தான், மீதி எல்லாம் மற்ற இரண்டு சங்கங்களுடையவை. அதனால் இரு தரப்பையும் அறிய விரும்புபவர்கள் போமோனாவையும் ஒகாலாவையும் சேர்த்தே பார்ப்பது நல்லது. அந்த உரசல் ஒரு விதத்தில் இந்த விளையாட்டுக்கு நல்லதே செய்தது என்பது என் எண்ணம். விதி போடுபவர்கள் மட்டும் இருந்திருந்தால் நைட்ரோ 1957-லேயே செத்திருக்கும். ஓட்டுபவர்கள் மட்டும் இருந்திருந்தால் பாதிப் பேர் உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள்.

ஷர்லி மல்டவுனியைச் சொல்லாமல் விட முடியாது. 1973-ல் டாப் ஃப்யூவல் என்ற உச்ச வகுப்பில் ஓட்ட என்.எச்.ஆர்.ஏ. உரிமம் பெற்ற முதல் பெண். அந்த உரிமத்துக்குக் கையெழுத்துப் போட்டவர்களில் கார்லிட்ஸும் ஒருவர். பின்னால் இருவரும் கடும் எதிரிகளானார்கள் என்றாலும், அந்தக் கையெழுத்து முக்கியமானது. 1977, 1980, 1982 என்று மூன்று முறை பட்டம் வென்றார், அந்த வகுப்பில் அதுவரை ஆணோ பெண்ணோ யாரும் செய்யாதது. 1984 ஜூனில் மொன்றியால் அருகே ஓடும்போது முன் டயரின் ட்யூப் பிதுங்கிச் சக்கரத்தில் சிக்க, கார் தடத்தை விட்டுப் பாய்ந்தது, இரண்டு கால்களும் நொறுங்கிப்போயின. 1986-ல் திரும்ப வந்து ஓட்டினார். அதே 1986-ல் கார்லிட்ஸ் கொண்டுவந்த ஸ்வாம்ப் ராட் 30-ஐப் பாருங்கள்: முன் சக்கரங்கள் மிகச் சிறியவை, ஓட்டுநர் தலைக்கு மேல் போர் விமானம் போல மூடி, மூக்கு கூர்மை. 272.56 மைல் ஓடி 270-ஐத் தாண்டிய முதல் கார். அதே கோடையில் நியூ ஜெர்சியில் மூக்கு மேலே தூக்கி, அடியில் காற்றுப் புகுந்து, கார் செங்குத்தாக நின்று சுழன்று, கிளம்பிய திசையைப் பார்த்தபடி விழுந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மூக்கு எவ்வளவு இலேசாக இருக்கலாம் என்பதற்கும் அன்று ஒரு பதில் கிடைத்தது. இந்தக் கார் 1987-லிருந்து ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் சொத்து.

காப்பாற்ற வந்த பொருளே காயப்படுத்திய கதையும் உண்டு. பாராசூட் விரியும்போது உடம்பை முன்னால் தூக்கி எறியும் விசை புவியீர்ப்பைப்போல் பல மடங்கு. 1992-ல் அந்த இழுப்பில் கார்லிட்ஸின் கண்ணில் விழித்திரை பிரிந்தது, ஓட்டுவதை நிறுத்த வேண்டியதாயிற்று. ஆனாலும் 2003-ல், 71 வயதில், கெய்ன்ஸ்வில்லில் 323.04 மைல் ஓடினார், மணிக்கு 520 கிலோமீட்டர்.

இன்றைய டாப் ஃப்யூவல் காரின் எஞ்சின் 500 கன அங்குலம், பலம் ஏறக்குறைய 11,000 குதிரைசக்தி, வேகம் மணிக்கு 530 கிலோமீட்டருக்கும் மேல். ஒரு ஓட்டம் நாலு நொடிக்குள் முடிந்துவிடும், அதற்குள் 50 லிட்டர் அளவுக்கு நைட்ரோ காலி. அடுத்த சுற்றுக்கு முன்னால், ஒரு மணி நேரத்துக்குள், மெக்கானிக்குகள் எஞ்சினை அக்கக்காகப் பிரித்து மறுபடி பூட்டுகிறார்கள். 2008 ஜூனில் ஸ்காட் கலிட்டா என்ற ஓட்டுநர் நியூ ஜெர்சியில் இறந்த பிறகு, நைட்ரோ கார்களுக்குத் தூரத்தையே கால் மைலிலிருந்து 1,000 அடியாகக் குறைத்துவிட்டார்கள். அதாவது இந்த விளையாட்டின் ஒரே அளவுகோலாக இருந்த தூரம்கூட ஒரு சாவுக்குப் பதிலாக மாறியிருக்கிறது. அப்போது நிறையப் பேர் முணுமுணுத்தார்கள், பழைய சாதனைகளோடு ஒப்பிட முடியாதே என்றார்கள். ஒப்பிட முடியாமல் போகட்டும். அந்த மிச்சமான 320 அடி, கார் நிற்பதற்குக் கிடைத்த இடம்.

கார்லிட்ஸ் எழுபது வயதோடு நிற்கவில்லை. எண்பது வயதைத் தாண்டி மின்சார டிராக் காரில் இறங்கினார். 2014-ல் 184 மைல், 2019-ல் 87 வயதில் 189 மைல். நெருப்பும் இல்லை, கிளட்சும் இல்லை, நைட்ரோ வாடையும் இல்லை. அவருடைய இலக்கு 200 மைல். அவர் அதை எட்டுவதற்கு முன்னால் 2020-ல் ஸ்டீவ் ஹஃப் என்ற வேறொரு ரேஸ்காரர் அரிசோனாவில் 201 மைல் ஓடிவிட்டார். நைட்ரோ காரில் அதே 200-ஐ 1964-ல் நியூ ஜெர்சியில் தாண்டியபோது கார்லிட்ஸுக்கு வயது 32. ஸ்லிங்ஷாட்டில், எஞ்சின் முகத்துக்கு நேரே.